பதினோராவது செலோடேப்

அன்று காலை ஒன்பதரைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: வாசனைத் திரவியத் தோட்டத்தின் முதலாளி ஜுனைதீன், அவருடைய தங்கை ஹமீமா, கண்டியில் தோல் வைத்தியம் பார்க்கும் டொக்டர் மஸீஹா, தோட்டத்தில் மிளகு பறிக்கும் காத்தாயி, அவளுடைய இரண்டு கைகள்தான் பரீட்சைத் தாள், பிறகு நான், பழனிமுத்து, ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலையை முடித்துவிட்டு முகம் கழுவாமல் வந்தவன். பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஒரு செம்புக் கிடாரமும் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அந்த அறை யாருக்கு என்பது அன்று தீர்மானமாக வேண்டியிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்க் குழாய். ஹமீமா அதில் கிறீம் செய்துகொண்டிருந்தாள். ஜுனைதீன் அதை உடைத்து மூன்று கக்கூஸ் கட்ட நினைத்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. 2003ஆம் வருஷம் அது. சண்டை நின்றிருந்தது. மாத்தளையிலிருந்து நாவுல போகும் வீதியில் வெள்ளைக்காரர்களின் பஸ்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. யாழ்ப்பாணம் போகிறவர்களும் வாசலில் நிறுத்தினார்கள். இறங்கியவர்கள் முதலில் கேட்டது ஏலக்காயை அல்ல. மூன்று கக்கூஸ் கோப்பைகள் ஏற்கெனவே வந்து கராம்பு மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தன.

அறை போனால் ஹமீமா மறுபடி குவைத் போக வேண்டும். அவளுக்கு முப்பத்தாறு வயது. புருஷன் விட்டுப் போய்விட்டான். ஒன்பது வருஷம் அங்கே வீட்டு வேலை செய்து திரும்பியவள். பாஸ்போர்ட்டை அண்ணன், அவள் வாயில் நானா, ஏஜென்டிடம் கொடுத்துவிட்டார். அடுத்த புதன்கிழமை கொழும்பில் மெடிக்கல்.

"அங்க ஏசி ஈக்குதே" என்பார் ஜுனைதீன். ஆறுதல் சொல்கிறாராம்.

"ஏசி மெடத்துட ரூம்ல ஈக்குது. நான் குசினியில ஈந்தேன்" என்பாள் ஹமீமா.

கிறீம் ஆசை அவளுக்கு வந்ததும் குவைத்தில்தான். அந்த வீட்டு எஜமானி மெடம் ஒரு சின்னக் கபிலநிறப் போத்தலை பிரிஜ்ஜில் வைத்திருந்தாளாம். விட்டமின் சி. காலையில் மூன்று சொட்டு முகத்தில் தட்டுவாள். தண்ணீர் மாதிரி இருந்த அது மஞ்சளானதும் குப்பையில் போடுவாள். குப்பையிலிருந்து எடுத்து ஹமீமா பூசிக்கொள்வாள். ஒன்பது வருஷம் செத்த விட்டமினைப் பூசியிருக்கிறாள். இதை நான் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் எப்படி உள்ளே வந்தேன் என்றால், ஐஸோடு வந்தேன். உக்குவளையில் எங்கள் தொழிற்சாலை. விடியற்காலை ஐஸ் லொறி நாவுல பக்கம் மீன்காரர்களுக்குப் போகும். லயத்து வரிசை வீட்டுக்குப் போய் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காத நாட்களில் லொறியில் ஏறிக்கொள்வேன். பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். ஒருநாள் ஹமீமா வாசலில் லொறியை நிறுத்தி ஒரு துண்டு ஐஸ் கேட்டாள். எதற்கு என்றேன். நெல்லிக்காய் கிறீமைக் குளிரில் வைக்க என்றாள். நெல்லிக்காயை என்ன செய்தீங்க என்றேன். அரை மணித்தியாலம் அவித்ததாகச் சொன்னாள்.

"அவிச்சா அதுல ஒண்ணும் மிச்சமிருக்காதுங்க. இப்ப நீங்க பூசுறது நெல்லிக்காய் சொதி."

அவள் கோபிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க தம்பி. நீங்க என்ன படிச்சீங்க?"

இரசாயனவியல் படித்தேன். இரண்டு வருஷம். தொண்ணூற்றொன்பதில் ஒரு சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்தார்கள். உள்ளே நைத்திரேற்றுகள் பற்றிய குறிப்புக் கொப்பி இருந்தது. தமிழ்ப் பெடியன், நைத்திரேற்று; கூட்டினால் குண்டு. ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், உள்ளே இருந்தேன். வெளியே வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து நான் கொண்டுவந்தது ஒரே ஒரு சாமான்: அமிலத்தன்மை பார்க்கும் தாள், ஒரு சுருள். ஆய்வுகூட மேசை லாச்சியிலிருந்து எடுத்தது. பட்டம் என்று சொன்னால் அதுதான்.

டொக்டர் மஸீஹா வந்தது ஹமீமா எனக்குக் கதிரை போட்ட நாளிலிருந்து ஒரு மாதம் கழித்து. லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குத் தோட்டம் காட்ட அழைத்து வந்திருந்தார். ஜுனைதீன் வழக்கம்போல எல்லோரையும் பலகை வாங்கில் உட்காரவைத்துத் தன் பாடத்தை ஒப்புவித்தார். இந்த எண்ணெய் மூட்டுக்கு, இது மொட்டைக்கு, இது மாமியாருக்கு. கடைசியில் தங்கச்சியின் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

"இது விட்டமின் சி. ஏழு தோலையும் தாண்டி எலும்பு வரைக்கும் போகும்."

"எலும்பு வரைக்கும் போனா எங்கிட்ட வரத் தேவையில்ல, எலும்பு டொக்டர்கிட்டப் போகணும்" என்றார் டொக்டர் மஸீஹா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஹமீமாவைப் பார்த்துக் கேட்டார். "நிசமா மேல் தோலையாவது தாண்டுதா? காட்டுவீங்களா? காட்டினா என்ட நோயாளிகளுக்கு நான் எடுக்கிறன். முகத்தில கறுப்புப் படையோட கிழமைக்கு இருபது பேர் வாறாங்க. வெளியில இருந்து வாற போத்தல் விலை அவங்களுக்குக் கட்டாது."

"மூணு கிழமை தாங்க" என்றாள் ஹமீமா. ஜுனைதீன் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

மூன்று கிழமையும் காலை ஏழிலிருந்து பத்து வரை நான் அந்த அறையில் இருந்தேன். நெல்லிக்காயை விட்டுவிட்டோம். கொழும்பிலிருந்து சுத்தமான விட்டமின் சி பொடி ஒரு டின் வந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தாள் ஹமீமா. அது எரிந்தது. முதலில் பூசிப் பார்த்த காத்தாயி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏன் நோனா, இது மொளகாத் தண்ணியா" என்றாள். எரிச்சல் போக ஹமீமா அப்பச்சோடா போட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். எரிச்சல் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் தாளை நனைத்துப் பார்த்தேன். புளிப்பே இல்லை.

"இது உள்ள போகாதுங்க."

"ஏன்? எரியல்லியே."

"அதனாலதான்."

விளக்க வேண்டியிருந்தது. தோலின் மேல்பக்கம் செத்த செல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, நடுவில் கொழுப்பு. விட்டமின் சி தண்ணீரில் கரைந்ததும் மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு திரியும். அந்தக் கோலத்தில் வருகிறவனைத் தோல் சாவடியில் நிறுத்துகிற மாதிரி நிறுத்திவிடும். புளிப்பு போதுமான அளவு இருந்தால் அது மின்னேற்றத்தைக் கழற்றிவிடும். பிறகு அடையாள அட்டை சரியாக இருக்கிற ஆள் மாதிரி நடந்து உள்ளே போகும்.

ஹமீமா சோடா டப்பாவை மூடிவைத்தாள். "அப்ப கொஞ்சம் எரியணும். ஆனா ஆள் ஓடக் கூடாது."

அவ்வளவுதான். என் விரிவுரையாளர் இதற்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தார்.

கடுகளவு கடுகளவாகச் சோடாவைக் கூட்டி, தாளின் நிறம் சரியாக வரும் இடத்தில் நிறுத்தினோம். ஒரு நிமிஷம் சுள்ளென்றது, பிறகு அடங்கியது. அடுத்தது, உள்ளே போகிறது என்று எப்படிக் காட்டுவது. மெஷின் இல்லை. பார்மசியில் அயடின் டிஞ்சர் இருந்தது, குசினியில் சோற்றுக் கஞ்சி இருந்தது. இரண்டையும் கலந்தால் நீலம். விட்டமின் சி பட்டால் நீலம் போய்விடும். கையில் மருந்தைப் பூசி ஒரு மணித்தியாலம் வைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அதே இடத்தில் செலோடேப்பை ஒட்டி இழுத்தால் செத்த தோலில் ஒரு படை கழன்று வரும். மறுபடி ஒட்டி இழுத்தால் அடுத்த படை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொட்டு நீலம். எத்தனையாவது துண்டுவரை நீலம் அழிகிறதோ அத்தனை ஆழம் போயிருக்கிறது. எதுவும் பூசாத தோலையும் இழுத்துப் பார்த்தேன், தோலே நம்மை ஏமாற்றக் கூடாது என்று. அதில் நீலம் நீலமாகவே நின்றது.

என் இடது கையில் செய்து பார்த்தோம். எரியாத கலவை இரண்டாவது துண்டோடு நின்றது. எரிகிற கலவை பன்னிரண்டு வரை போனது. கையில் சதுரமாக ஒரு சிவப்பு. அன்று இரவு ஐஸ் பாளத்தைத் தூக்கும்போது அந்த இடம் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. ஆனாலும் நான் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்ததாகச் சூப்பர்வைசர் சொன்னான். எனக்கு ஞாபகமில்லை.

அந்தக் கணக்கில்தான் டொக்டர் மறுபடி வந்த காலையில் நான் தெம்பாக இருந்தேன். செய்முறை சுவரில் ஒட்டியிருந்தது. முந்தின நாள் காலை ஹமீமா கண்ணாடிக் குவளையில் கலக்கி, கபிலநிறப் போத்தலில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாள். ஒன்பதரைக்குக் காத்தாயியின் வலது முழங்கையின் உட்பக்கத்தில் ஹமீமா, போத்தலைப் பார்க்காமல் டொக்டரின் முகத்தையே பார்த்தபடி, மூன்று சொட்டுப் பூசினாள்.

"எரியுதா?" என்று கேட்டார் டொக்டர்.

"கொஞ்சமா எரியுதுங்க டொக்டர் நோனா. அட்ட கடிச்ச எடத்துல உப்பு வச்ச மாதிரி."

ஒரு மணித்தியாலம் கழிய வேண்டும். ஜுனைதீன் டொக்டருக்குத் தோட்டம் முழுவதையும் மறுபடி காட்டினார். கொக்கோ மரத்தடியில் அவர் குரல் கேட்டது, வனிலாக் கொடியடியில் கேட்டது. பத்தரைக்கு டொக்டர் வேகமாக உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

கழுவினோம். ஒட்டினேன், இழுத்தேன். முதல் துண்டில் ஒரு சொட்டு. நீலம் லேசாக மங்கியது. இரண்டாவது. நீலம். மூன்றாவது. நீலம். ஆறு வரை இழுத்தேன். வெள்ளைத் தட்டில் ஆறு துண்டும் நீலப் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன.

காத்தாயி தன் கையைப் பார்த்து, "இன்னும் இழுக்கணுமா தம்பி? அடியில ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியல" என்றாள்.

டொக்டர் கைப்பையை எடுத்தார். "பரவாயில்ல. முயற்சி செஞ்சீங்க."

ஹமீமா ஜன்னல் வழியாகக் கராம்பு மரத்தைப் பார்த்தாள். அங்கே கக்கூஸ் கோப்பைகள் மூன்றும் வெயிலில் மினுங்கின. அவள் அழவில்லை. கையைத் துணியில் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு எரிச்சல். போத்தலைத் திறந்து ஒரு பீங்கான் கோப்பையில் கவிழ்த்தேன். தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது. பால் விடாத ப்ளேன்டீ நிறத்தில் வந்தது.

"இது நேத்து நீங்க செஞ்சது இல்லீங்களே."

ஹமீமா வந்து பார்த்தாள். முகர்ந்தாள். "நான் செஞ்சது அரைப் போத்தல்தான். இது கழுத்து வரைக்கும் ஈக்குது."

ஜுனைதீன் தொண்டையைச் செருமினார். பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் ஒருபோதும் செருமாத தொண்டை அது.

"நான் கொஞ்சம் கூடச் செஞ்சேன்."

"எப்ப?"

"நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு. நீ மாத்தளைக்குப் போனியே. செவுத்துல எழுதி ஈந்திச்சு, அப்படியே அளந்துதான் போட்டேன். டொக்டர் வந்து பாக்கும்போது அரைப் போத்தல் ஈந்தா என்ன மதிப்பு? நெறையச் செஞ்சு, உன்ட போத்தலையும் அதுலயே ஊத்திக் கலந்தேன்."

"எதுல செஞ்சீங்க?" என்றேன் நான்.

அவர் மூலைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினார். கந்தூரிக் கிடாரம். வருஷத்துக்கு ஒருமுறை ஐந்நூறு பேருக்குச் சோறு ஆக்குகிற கிடாரம். அடியில் இன்னும் நான்கு போத்தல் அளவுக்குத் தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்து, செம்பு சிவப்பாகத் தெரிந்தது.

"இதுல ஆக்கின எதுவும் இந்த ஊருல கெட்டதில்ல" என்றார் ஜுனைதீன். "பள்ளியில கேட்டு எடுத்து வந்தேன். பரக்கத்தாகட்டும், பெருகட்டும்னுதான்."

"அடுப்புல வச்சீங்களா?"

"கிடாரத்த அடுப்புல வைக்காம? லேசான சூடுதான். அகப்பையால நல்லாக் கிண்டினேன்."

செம்பு, சூடு, காற்று. விட்டமின் சியைக் கொல்ல மூன்றில் ஒன்றே போதும். அவர் மூன்றையும் கொடுத்து, மேலே ஒரு பாத்திஹாவும் ஓதியிருக்கிறார். புளிப்பு மட்டும் பிழைத்திருந்தது, அதனால்தான் எரிந்தது. சொன்னேன். கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். டொக்டர் மஸீஹா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

ஹமீமா அண்ணனைப் பார்த்தாள். "உங்களுக்கு இந்த ரூமுல கக்கூஸ்தானே வேணும். பொறகு ஏன் இதெல்லாம்?"

ஜுனைதீன் சாக்கை நான்காக மடித்தார். "கக்கூஸ எங்கயும் கட்டலாம்" என்றார்.

இதை முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய்க் கிடாரத்தைக் கொண்டுவந்திருக்கிறார்.

"டின்ல பொடி மிச்சம் ஈக்குதா?" என்று கேட்டாள் ஹமீமா.

"அடியில கொஞ்சம்" என்றார் ஜுனைதீன்.

அவள் டொக்டர் பக்கம் திரும்பினாள். "இன்னும் ஒரு மணித்தியாலம் இருங்க."

"ரெண்டு மணிக்கு எனக்குக் கிளினிக்."

"பன்னெண்டுக்கு அனுப்புறன். நானா இனித் தோட்டம் காட்ட மாட்டார். நான் பொறுப்பு."

டொக்டர் உட்கார்ந்தார்.

ஹமீமா அலுமாரியிலிருந்து ஒரு சின்னப் பீங்கான் கோப்பையை எடுத்தாள். டின்னைக் கவிழ்த்து அடியைத் தட்டினாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டுப் பொடியைக் கரைத்தாள். உலோகக் கரண்டியைத் தொடவில்லை. கல்யாண வீட்டில் மருதோண்டி கரைக்கிற பெண்களைப் போலச் சுட்டுவிரலால் ஒரே பக்கமாகச் சுற்றினாள். சோடா கடுகளவு. நான் தாளை நீட்டினேன். நிறம் சரி. காத்தாயி கேட்காமலே இடது கையை நீட்டினாள்.

"இதுவும் போச்சுன்னா காலத்தான் காட்டணும்" என்றாள்.

அந்த ஒரு மணித்தியாலம் யாரும் தோட்டம் பார்க்கவில்லை. ஜுனைதீன் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்து நின்றது. அவர் எழும்பவில்லை. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. சாரதி இரண்டுமுறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான்.

பதினொன்றே முக்காலுக்கு இழுக்கத் தொடங்கினேன். ஒன்று, நீலம் போனது. இரண்டு, போனது. ஐந்து. டொக்டர் கதிரையை முன்னால் இழுத்தார். ஏழாவதில் சொட்டு கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது. ஒன்பது. பத்து. பதினொன்றாவது மெதுவாக, ஓரத்திலிருந்து உள்பக்கமாக வெளுத்தது. பன்னிரண்டில் நீலம் நின்றுவிட்டது.

"என் கையில பன்னெண்டு வரைக்கும் போச்சுங்க" என்றேன்.

"எந்தோலு மொளகுக் கொடியோட வளந்த தோலு தம்பி" என்றாள் காத்தாயி. "உள்ள போறது லேசில்ல."

டொக்டர் மஸீஹா தன் பேனாவால் துண்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "பதினொண்டு போதும்" என்றார். பிறகு டொக்டர்கள் கெட்ட செய்தி சொல்லும் குரலில் சொன்னார். "ஆனா போத்தல்ல வேணாம். கிடாரம் இல்லாட்டியும் இது கண்டிக்கு வாறதுக்குள்ள சாகத் தொடங்கும். என்ட ஆட்கள் வீட்டில பிரிஜ் இல்ல."

"போத்தல் எதுக்கு?" என்றாள் ஹமீமா. "மருதோண்டிய யாராவது கரைச்சா விக்கிறாங்க? இலைய வாங்கிட்டுப் போய் வீட்டில கரைக்கிறாங்க. நான் பொடியத் தனியாப் பொட்டலம் கட்டித் தாறன். தண்ணியத் தனியாச் சின்னப் போத்தல்ல தாறன். ஒரு கிழமைக்கு ஒரு பொட்டலம். எந்தப் பொம்பளைக்கும் கோப்பையில கரைக்கத் தெரியும்."

நான் மூன்று கிழமையாகப் போத்தலை எப்படிப் பாதுகாப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவன். பொட்டலம் மடிக்கக் காகிதம் தேடினேன்.

"நாப்பது பொட்டலம்" என்றார் டொக்டர். "மாசாமாசம். படை மங்கும்னு சொல்லுங்க, வெள்ளையாகும்னு சொன்னா நான் நிப்பாட்டிருவன். எலும்பு கதையும் வேணாம்." கடைசி வார்த்தை வாசற்படிக்கு. பன்னிரண்டுக்கு அவருடைய கார் போய்விட்டது. காத்தாயி இரண்டு கையிலும் இரண்டு சிவப்புச் சதுரத்தோடு மிளகுக் கொடிக்குப் போனாள், மற்றப் பெண்களுக்குக் காட்ட.

ஜுனைதீன் உள்ளே வந்து சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைப் பார்த்தார்.

"கராம்பு மரத்துக்கு அங்கால குழாய் இழுக்கலாம்" என்றார். "நாலு கக்கூஸ் வரும் அங்க." முகம் தெளிந்துவிட்டது. "அதுவரைக்கும் அந்தக் கோப்பைகள மட்டும் இதுக்குள்ள ஒரு ஓரமா…"

"நானா."

"ஒரு கிழமைக்குத்தான்."

"கிடாரத்தத் தூக்குங்க."

அவர் ஒரு காதைப் பிடித்தார். மற்றக் காதைப் பிடிக்க ஹமீமா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பிடித்தேன். பாரம். உள்ளே செத்த விட்டமின் தளும்பியது.

"அதக் கொட்டிக் கழுவி, ஈயம் பூசக் குடுத்துட்டு, பொறகு பள்ளிக்குக் குடுங்க" என்றாள். "போற வழியில ஏஜென்ட்ட வீடு. என்ட பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வாங்க."

"நாளைக்கு வாங்கலாம்தானே. ஆள் நம்மட ஆள்."

"இன்னிக்கு. பாஸ்போர்ட் இல்லாம வந்தா இந்தக் கதவத் தட்டாதீங்க."

"நீ உள்ள இருந்து என்ன செய்யப் போற?"

"நாப்பது பொட்டலம்."

நாங்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் வெளியேற வேண்டியிருந்தது, கிடாரம் நிலையில் இடித்தது. இரண்டு படி இறங்கியதும் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொண்டி விழுந்தது. பிறகு உள்பக்கம் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.